நான்குக்கு மூன்று

வலதாரிஸ்
14 மார்ச் 1994

அன்புள்ள எர்மீனியோ,

நான் நலம். உன் முதுகுவலி இப்போது எப்படி? அங்கே பனி விட்டதா? இங்கே மழை ஓய்ந்து வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆறு மட்டும் இன்னும் செம்மண் நிறத்தில் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் சரியாகப் பேச முடியவில்லை. உன் தம்பி ஜெனேசியோவின் கடையில் டயருக்குப் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் எல்லோரும் நான் என்ன சொல்கிறேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன். சேதி இதுதான். நீதிமன்றத்திலிருந்து ஓர் ஆள் பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னிடம் ஒரு கடுதாசியை நீட்டினான். மே மாத அமர்வுக்கு ஜூரிப் பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தலைமையாசிரியைக்கு ஒரே சிரிப்பு. "வருஷம் பூரா எங்க வருகைப் பதிவேட்டுல தப்புக் கண்டுபிடிக்கிறியே, இனி கொலைகாரன் பதிவேட்டையும் பாரு!" என்றாள்.

இருபத்தொரு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விசாரணை நாளன்று பெட்டியில் சீட்டைக் குலுக்கி ஏழு பேரை எடுப்பார்களாம். என் பெயர் வராமலும் போகலாம். வந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு மனம் சொல்கிறது. பதினோரு வருஷமாக இந்தப் பள்ளிக்கூட அலுவலகத்தில் யாரும் என்னிடம் எதையும் தீர்மானிக்கச் சொன்னதில்லை.

இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனாய். இந்த மாதத்தோடு இரண்டு வருஷம் ஐந்து மாதம். குறை சொல்லவில்லை, எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

கடவுள் துணையிருக்கட்டும்.

உன்
டால்வா

✻

ஃப்ரேமிங்ஹாம்
4 ஏப்ரல் 1994

என் அன்பு டால்வா,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதுகு பரவாயில்லை. பனி போய்விட்டது, சேறுதான் மிச்சம். வெளிப்புறம் பெயின்ட் அடிக்கும் வேலை இந்த மாதம் தொடங்குகிறது.

ஜூரியெல்லாம் உனக்கு எதற்கு? டாக்டர் ஆல்சிந்தோவிடம் போய் ரத்த அழுத்தம் என்று ஒரு சான்று வாங்கிக் கொடு, விட்டுவிடுவார்கள். கொலைகாரனின் சொந்தக்காரன் நாளைக்குத் தெருவில் மறித்தால் காப்பாற்ற நான் அங்கே இல்லை.

நான் மாடியில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தோனா லுசிந்தாவிடம் சொன்னேன். அசோரஸ் தீவுக்காரர், நம் மொழிதான் பேசுவார், விதவை, இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி இருபது வருஷம் ஆகிறது. இங்கே பன்னிரண்டு பேராம். ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்களாம். பன்னிரண்டு பேரும் பேசிப் பேசி ஒரே முடிவுக்கு வரவேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் தீர்ப்பு கிடையாது. நம் ஊரில் ஏழு பேர், அதில் நாலு பேர் சொன்னால் போதும், ஒருவரோடொருவர் வழக்கைப் பற்றிப் பேசவே கூடாது என்றேன். அவர் நம்பவில்லை. "பேசாம எப்படிப்பா தீர்ப்பு சொல்றது? அது ஜூரியா, குலுக்கல் சீட்டா?" என்று கேட்டுச் சிரித்தார்.

இன்னொன்று. அந்தப் பட்டியலில் நில அளவை அலுவலக ஒட்டாவியோவும் இருக்கிறான் என்று ஜெனேசியோ எழுதியிருக்கிறான். நீ எழுதவில்லை. மறந்திருப்பாய். கல்யாணத்துக்கு முன்னால் அவனோடு எத்தனை நடனம் ஆடினாய் என்பதையும் மறந்திருப்பாய்.

சான்று வாங்கிவிடு.

உன்
எர்மீனியோ

✻

வலதாரிஸ்
16 மே 1994

அன்புள்ள எர்மீனியோ,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏப்ரலில் சளி பிடித்தது, இஞ்சிக் கஷாயத்தில் போய்விட்டது. நீ நலமா?

சான்று வாங்கவில்லை. ரத்த அழுத்தம் இல்லாதவளுக்கு இருக்கிறது என்று எழுத டாக்டர் ஆல்சிந்தோ சம்மதிக்க மாட்டார். நானும் கேட்கவில்லை. குலுக்கலில் மூன்றாவதாக என் பெயர் வந்தது. ஐந்தாவதாக ஒட்டாவியோ பெயர். இதை உன் தம்பிக்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

வழக்கு உனக்கும் தெரிந்ததுதான். ரயில் நிலைய எடைமேடையில் வேலை பார்த்த அடெல்மோ, மனைவி சுல்மீராவைக் கத்தியால் குத்திக் கொன்றானே, அது. தையல் பொருள் கடையில் இருப்பாளே, எனக்குப் பித்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கையை நீட்டி "உறுதி கூறுகிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். இரண்டு நாள் நடந்தது. முன்வரிசையில் சுல்மீராவின் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அரசு வக்கீல் சுருக்கமாகத்தான் பேசினார். "சுல்மீரா ஒரு புதுச் செருப்பு வாங்கினா. பஸ் கண்டக்டர் ஏதோ சொன்னதுக்குச் சிரிச்சா. அவ செஞ்ச குத்தம் இவ்வளவுதான். வேற ஏதாவது இருந்தா எதிர் வக்கீல் காட்டட்டும்." அடெல்மோவின் வக்கீல் எதையும் காட்டவில்லை. எங்கள் முன்னால் வந்து நின்று அழுதார், நிஜமான கண்ணீர். "பொறாமைங்கறது பெரிய காய்ச்சல் ஐயா. அது ஏறிடுச்சுன்னா மனுஷனோட கை அவன் பேச்சைக் கேக்காது. அவளை அவ்வளவு நேசிச்சான். கத்தியை எடுத்தது இவன் இல்ல, அந்தக் காதல்!" கடைசி வரிசையில் சிலர் கைதட்டினார்கள். நீதிபதி மணியடித்தார்.

பிறகு இரகசிய அறை. மேஜையைச் சுற்றி ஏழு பேர், ஒரு வார்த்தை பேசக்கூடாது. நீதிபதி ஒவ்வொரு கேள்வியாகப் படிப்பார். கையில் இரண்டு அட்டை: ஒன்றில் 'ஆம்', ஒன்றில் 'இல்லை'. வேண்டியதை ஒரு பையில் போட்டுவிட்டு வேண்டாததை இன்னொரு பையில் போடவேண்டும். அடெல்மோ குத்தினானா? ஏழும் 'ஆம்'. தன் மானத்தைக் காக்கத்தான் குத்தினானா? இதற்கு 'ஆம்' அதிகமானால் அவனுக்கு விடுதலை. நீதிபதி அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். 'இல்லை' நான்கு. 'ஆம்' மூன்று.

இருபத்திரண்டு வருஷத் தண்டனை.

நீ எப்போது வருகிறாய்?

உன்
டால்வா

✻

ஃப்ரேமிங்ஹாம்
6 ஜூன் 1994

டால்வா,

நலம். நீயும் நலம் என்று உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இவ்வளவு நீளமாக நீ எழுதி ஒரு வருஷம் ஆகிறது.

இரண்டு நாள் நடந்தது என்று எழுதினாய். இரண்டு நாளுக்கு நடுவில் ஓர் இரவு இருக்குமே, அதை எழுதவில்லை. வீட்டுக்கு அனுப்பவில்லை, ஏழு பேரும் நீதிமன்றக் கட்டடத்திலேயே படுத்தார்கள் என்று ஜெனேசியோ சொல்கிறான். எங்கே படுத்தாய்? யார் பக்கத்தில்? மதியம் சாப்பிடும்போது ஒட்டாவியோ உனக்குச் சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தானாம். காப்பி கொண்டுபோன ஆள் ஜெனேசியோவின் கூட்டாளி. நீ சர்க்கரை போட்டுக் காப்பி குடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அடெல்மோவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கொன்றது தப்புதான். ஆனால் ஒருவன் எடைமேடையில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது அவன் பெண்டாட்டி பஸ்ஸில் சிரித்துக்கொண்டு போனால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று அந்த நாலு பேருக்குத் தெரியாது.

நீ அந்த நாலில் ஒருத்தியா, மூன்றில் ஒருத்தியா? அதை மட்டும் எழுது. என்னிடம் சொல்ல என்ன தடை?

தோனா லுசிந்தாவுக்கும் ஜூரி அழைப்பு வந்திருக்கிறது. ஒருவன் தன் மேஜை நாற்காலிக் கடைக்குத் தானே தீ வைத்தானாம். இந்த மாதக் கடைசியில் விசாரணை.

பதில் உடனே போடு.

எர்மீனியோ

✻

வலதாரிஸ்
25 ஜூன் 1994

அன்புள்ள எர்மீனியோ,

நலம். இங்கே எல்லோருக்கும் உலகக் கோப்பைக் காய்ச்சல். பள்ளிக்கூடச் சுவரில் பச்சையும் மஞ்சளுமாகப் பூசியிருக்கிறார்கள். உனக்குக் கால்பந்து பார்க்கவாவது நேரம் கிடைக்கிறதா?

வரிசையாகச் சொல்கிறேன். பெண்கள் மூன்று பேர், பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் மடக்குக் கட்டிலில் படுத்தோம். வாசலில் நாற்காலி போட்டு ஒரு பெண் ஊழியர் காவல். ஆண்கள் நான்கு பேர் மாடியில். அங்கே ஓர் ஆண் காவல். ஒட்டாவியோ விட்ட குறட்டை கீழே வரைக்கும் கேட்டது. அவன் பெண்டாட்டிக்குப் பரிசு கொடுக்கவேண்டும். சர்க்கரைக் கிண்ணத்தை அவன் என்னிடம் தந்தது பக்கத்து ஆளுக்கு நகர்த்துவதற்கு. நகர்த்தினேன். இதற்குச் சாட்சி வேண்டுமானால் ஆறு பேர் இருக்கிறார்கள்.

எப்படி வாக்குப் போட்டேன் என்பதைச் சொல்லமாட்டேன். உன்னிடம் என்றில்லை, யாரிடமும். அந்த அறைக்குள் போகும்போதே நீதிபதி சொன்னார்: "உள்ள போடற அட்டை உங்களோட மண்ணுக்குப் போகணும்." இந்த ஊரில் அடெல்மோவுக்கு நான்கு அண்ணன் தம்பி. சுல்மீராவுக்கு மூன்று மாமன்மார். ஏன் இரகசியம் என்று உனக்குப் புரியாதா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் வீட்டுச் சொந்தக்காரர் சொன்ன அந்த அறையை நினைத்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பன்னிரண்டு பேர் வாய்விட்டுப் பேசும் அறை. எங்கள் மேஜையில் மூச்சுவிடும் சத்தம்தான் கேட்டது. எதிரில் இருந்த வங்கிக்காரர் என்ன நினைத்தார், பக்கத்து டீச்சர் என்ன நினைத்தாள், இன்றுவரை தெரியாது. தெருவில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறோம்.

நீ எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தேன். அதற்கு நீ பதில் எழுதவில்லை.

உன்
டால்வா

✻

ஃப்ரேமிங்ஹாம்
21 ஜூலை 1994

டால்வா,

கோப்பை நமக்குத்தான்! ஞாயிற்றுக்கிழமை தெருவே நம் ஆட்களால் நிரம்பிவிட்டது. லுசிந்தா கூடப் பச்சை மேஜைத் துணியைத் தோளில் போர்த்திக்கொண்டு ஆடினாள். நீ இல்லாதது குறைதான்.

அவளுடைய வழக்கும் முடிந்தது. கேள், இதுதான் ஜூரி. முதல் நாளே பதினோரு பேர் குற்றவாளி என்றார்கள், இவள் ஒருத்தி இல்லை என்றாள். நான்கு நாள் சண்டை. ஒருத்தன் மேஜையைத் தட்டி, "அம்மா, எங்க எல்லாருக்கும் வேலை இருக்கு, நீ ஏன் அடம் பிடிக்கிறே?" என்றானாம். இவள் விடவில்லை. "அவன் வச்சதை யார் பார்த்தா? சொல்லு, நான் மாறிடறேன்." சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினாலும் அதைப் பற்றி மூச்சுவிடக்கூடாது. காலையில் ஒரு காலுக்கு மட்டும் காலுறையை மாட்டிக்கொண்டு, மற்றதைக் கையில் வைத்தபடி கட்டில் விளிம்பில் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பார்க்கவே பாவமாக இருக்கும். கடைசியில் ஒவ்வொருவராக இவள் பக்கம் வந்தார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே சொல். அவனை விட்டுவிட்டார்கள்.

முடிந்த அன்றே எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். இங்கே தீர்ப்புக்குப் பிறகு யாரிடமும் சொல்லலாம், பத்திரிகைக்காரனிடம்கூட. மனம் சுத்தமாக இருப்பவள் சொல்கிறாள். நீ என்னிடம், உன் புருஷனிடம், மறைக்கிறாய். மறைப்பதிலிருந்தே தெரிகிறது. நாலில் ஒருத்தியாக இருந்தால், புருஷன் இல்லாத ஊரில் சிரிப்பது தப்பில்லை என்று நினைக்கிறாய். மூன்றில் ஒருத்தியாக இருந்தால், அதைச் சொல்ல ஏன் பயப்படுகிறாய்?

யோசித்துப் பதில் எழுது.

எர்மீனியோ

✻

ஃப்ரேமிங்ஹாம்
29 ஆகஸ்ட் 1994

டால்வா,

உடம்பு சரியில்லையா? ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. இரண்டு ஞாயிறு போன் செய்தேன். கடைக்கு வரவில்லை என்று ஜெனேசியோ சொன்னான். நீ முடியைக் கத்தரித்துக்கொண்டாய் என்றும் சொன்னான். யாருக்காக?

கோபத்தில் எழுதியதை மனதில் வைக்காதே. இல்லை, வை. நான் இங்கே பிறத்தியார் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேன். ஒவ்வொரு சுவரிலும் அந்த நீதிமன்றக் கட்டடத்தின் மாடிப்படிதான் தெரிகிறது. நீ படியேறிப் போகிறாய். காவலுக்கு உட்கார்ந்தவள் தூங்கிவிடுகிறாள். நான் பார்க்காததை எல்லாம் பார்த்துவிட்டேன். இது காய்ச்சல் என்று அந்த வக்கீல் சொன்னது நிஜம்.

அடெல்மோவுக்கு இன்னொரு ஜூரி கிடைத்திருக்கிறதாமே? இருபது வருஷத்துக்கு மேல் தண்டனை கொடுத்தால் மறுபடியும் ஒரு தடவை புது ஆட்களை வைத்துக் கேட்கலாம் என்று சட்டம் இருக்கிறதாம். நல்ல சட்டம். இந்தத் தடவையாவது ஆம்பளை மனசு தெரிந்தவர்கள் வரட்டும்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

எர்மீனியோ

✻

வலதாரிஸ்
14 செப்டம்பர் 1994

எர்மீனியோ,

நான் நலம். முடியை எனக்காகக் கத்தரித்துக்கொண்டேன், வெயில் தாங்கவில்லை.

ஜூலை மாதக் கடிதத்தை ஐந்து வாரம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஜூரியில் உட்கார்ந்தவளுக்குப் படிக்கத் தெரிந்துவிடுகிறது. ஏப்ரலில் 'தோனா லுசிந்தா சொன்னார்'. ஜூனில் 'தோனா லுசிந்தாவுக்கு அழைப்பு'. ஜூலையில் 'தோனா' என்ற மரியாதை போய் வெறும் லுசிந்தா, 'ஆடினாள்', 'சொன்னாள்', 'இவள்'. அப்புறம் அந்தக் காலுறை. மேல் மாடியில் குடியிருப்பவனுக்கு, கீழ் வீட்டுக்காரி காலையில் எந்தக் கட்டில் விளிம்பில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் என்று எப்படித் தெரியும்?

முதல் வாரம் அந்தக் காலுறை என் கண்ணை விட்டுப் போகவில்லை. பழுப்பு நிறம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவளுக்குக் கணுக்கால் தடித்திருக்கும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் மெலிந்திருக்குமோ என்று அழுதேன். உன் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக முகர்ந்தேன். பாச்சை உருண்டை வாசனைதான். அத்தனையையும் மறுபடி துவைத்தேன், துணி நைந்துபோகிற மாதிரி அடித்துத் துவைத்தேன்.

உனக்கு விளக்கம் எழுதச் சிரமம் வைக்கவில்லை. பள்ளிக்கூடத் தட்டச்சில் அடித்து இரண்டு சீட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றில் 'ஆம்', ஒன்றில் 'இல்லை'. கேள்வி: லுசிந்தாவின் கட்டிலில் நீயும் படுக்கிறாயா?

ஒரு சீட்டை மட்டும் உறையில் போட்டு அனுப்பு. கடிதம் வேண்டாம்.

டால்வா

✻

ஃப்ரேமிங்ஹாம்
9 அக்டோபர் 1994

என் டால்வா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ நலமாக இருக்கவேண்டும்.

இரண்டு சீட்டையும் மேஜையில் வைத்து ஒரு வாரம் பார்த்தேன். ஒரு வார்த்தையில் எப்படிச் சொல்வது? போன ஜனவரியில் ஏணியிலிருந்து விழுந்தேன். உனக்கு எழுதவில்லை, பயந்துவிடுவாய் என்று. ஆறு வாரம் எழுந்திருக்க முடியவில்லை. அவள்தான் சூப் வைத்துக் கொடுத்தாள், தாங்கிப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள். அப்படித்தான் தொடங்கியது. அது காதல் இல்லை டால்வா, குளிர். உனக்கு இந்த ஊர்க் குளிர் தெரியாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நானே இப்படி ஆகிவிட்டேன் என்றால் அங்கே தனியாக இருக்கும் நீயும் ஆகியிருப்பாய் என்று தோன்றியது. தோன்றிய பிறகு அதை நிறுத்த முடியவில்லை. இப்போது ஒட்டாவியோ விஷயத்தை மறந்துவிட்டேன். உன்னை மன்னித்துவிட்டேன். நீயும் என்னை மன்னிக்கவேண்டும்.

டிசம்பர் இருபதாம் தேதி வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஒருவழிப் பயணம்தான். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேசுவோம், இங்கே ஜூரி பேசுகிற மாதிரி. இரண்டு பேரும் ஒரே சொல் சொல்லும்வரை யாரும் வெளியே போகவேண்டாம்.

இப்போதாவது சொல். நாலா, மூன்றா? அது தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை.

உன்
எர்மீனியோ

✻

வலதாரிஸ்
28 நவம்பர் 1994

எர்மீனியோ,

நான் நலம். உன் முதுகு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். விழுந்ததை அப்போதே எழுதியிருந்தால் கடன் வாங்கியாவது வந்திருப்பேன். அதுவும் இப்போது பழைய கதை.

போன திங்கட்கிழமை அடெல்மோவின் இரண்டாவது விசாரணை நடந்தது. முதல் தடவை உட்கார்ந்தவர்கள் மறுபடி உட்காரக்கூடாது. பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அதே வக்கீல், அதே கண்ணீர், அதே காய்ச்சல். புது ஏழு பேரும் தலையைக் குனிந்தபடி கேட்டார்கள். உள்ளே போனார்கள், வந்தார்கள். நீதிபதி படித்தார். இந்தத் தடவையும் நான்குக்கு மூன்று, ஆனால் மறுபக்கம். அடெல்மோவின் விலங்கைக் கழற்றினார்கள். அண்ணன் தம்பிகள் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

நான் இருந்த பெஞ்சுக்கு முன் பெஞ்சில்தான் சுல்மீராவின் அம்மா. எல்லோரும் எழுந்துபோன பிறகும் அவர் எழவில்லை. என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அவ்வளவுதானா? இன்னொரு தடவை கேக்க மாட்டாங்களா?"

"இல்லம்மா. ரெண்டு தடவைதான். இனிமே கெடையாது."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போன தடவை மேல உக்காந்திருந்த பொண்ணுதானே? அந்த நாலு பேர்ல ஒருத்தி நீன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். பொம்பளைக்குத்தானே தெரியும். நீயாவது என் பொண்ணை நம்பினே. மாதா உன்னைக் கைவிட மாட்டா." என் இரண்டு கையையும் பிடித்து முத்தம் கொடுத்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது அல்லவா? அன்றைக்கு அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எர்மீனியோ, நான் மூன்றில் ஒருத்தி. 'ஆம்' போட்டேன். மானத்தைக் காக்கத்தான் குத்தினான் என்று போட்டேன்.

ஏன் என்று ஆறு மாதமாக என்னையே கேட்கிறேன். அடெல்மோ கூண்டில் உட்கார்ந்து விரல் நகத்தைக் கடித்தான். நீயும் கடிப்பாய். அவன் தலையைக் குனிந்தபோது பிடரி உன் பிடரி மாதிரியே இருந்தது. நீ என்மேல் படுகிற பொறாமையெல்லாம் அன்பு என்றுதான் பத்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். இவனைத் தண்டித்தால் உன்னைத் தண்டிப்பது போல் இருந்தது. என் எதிரில் லுசிந்தா மாதிரி ஒருத்தி இருந்து, "ஏம்மா 'ஆம்' போடறே? காரணம் சொல்லு" என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், என்னிடம் பதில் இருந்திருக்காது. அட்டையை மாற்றியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. சத்தமில்லாமல் பைக்குள் போட்டுவிட்டேன்.

அப்புறம்தான் உன் கடிதம் வந்தது, காலுறையோடு. இந்த மூன்று மாதமும் அந்தக் காய்ச்சல் எனக்கும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சோறு வடித்தேன், கூப்பிட்ட பெயரை விட்டு வேறு பெயரைப் பதிவேட்டில் எழுதினேன். சமையலறையில் கத்தியும் இருந்தது. அதை எடுத்து வெங்காயம் நறுக்கினேன், கழுவி வைத்தேன். என் கை என் பேச்சைக் கேட்டது. ஒவ்வொரு நாளும் கேட்டது. அடெல்மோவின் கையும் கேட்டிருக்கும். அந்த வக்கீல் சொன்னது பொய், நான் அதற்குத்தான் வாக்குப் போட்டேன்.

நேற்றுக் கடைத்தெருவில் அடெல்மோவைப் பார்த்தேன். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ரொட்டிக் கடையில் நின்று பால்கட்டி உருண்டை தின்றுகொண்டிருந்தான். நாலு பேர் அவன் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். அதில் ஒருவன் ஜெனேசியோ.

நீ டிசம்பர் இருபதாம் தேதி வருவதாக எழுதியிருக்கிறாய். கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம் என்கிறாய். என்னை மன்னித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய், நான் செய்யாததற்கு. உன்னோடு ஓர் அறையில், சாத்திய கதவுக்குள் இருக்க நான் தயாராக இல்லை. அங்கே என்ன நடந்தாலும் அதற்கப்புறம் இந்த ஊரில் ஏழு பேர் உட்காருவார்கள். அவர்களில் நாலு பேர் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் போடும் அட்டையை நானே போட்டிருக்கிறேன்.

மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. இந்த மாநிலத்தில் பள்ளிக்கூடங்கள் எத்தனையோ, எது என்று எழுதப்போவதில்லை. ஜெனேசியோவுக்கும் தெரியாது. வீட்டுச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். வீடு உன் அப்பா கட்டியது, உன்னிடமே இருக்கட்டும்.

போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சுல்மீராவின் அம்மா ஆற்றங்கரைத் தெருவில் இருக்கிறார். நாளைக்குச் சாயங்காலம் போகிறேன். எந்த அட்டையைப் போட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். கதவை முகத்தில் சாத்தினால் சாத்தட்டும்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

டால்வா